வாய் திறக்காத ஆறு வாரம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவர் லீவு போட்டால்கூட யாரும் கவலைப்பட மாட்டோம். கணக்கு டீச்சர் எட்டாம் வகுப்பு வாசலில் நின்று "உட்காருங்க" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், ஏழாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் சேர்ந்து உட்கார்ந்துவிடும். எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், கையில் பம்போடு நின்றபடியே பதினேழாம் வாய்ப்பாட்டைப் படித்து முடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார். அப்படி ஒரு குரல்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், அலமாரிச் சாவிகள் எல்லாம் என் பொறுப்பு. என் அறையின் ஜன்னல் நடைபாதையைத் தாண்டி நேரே எட்டாம் வகுப்பைப் பார்த்திருக்கும். போதாக்குறைக்கு டீச்சர் வீடும் என் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்ட வீடுகள். பகலெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்ட குரல், சாயங்காலம் சுவர் வழியாக வரும். மகளுக்குப் பாடம் நடக்கும். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது, பொதுத்தேர்வு எழுதப் போகிறவள், ஆனாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான். "இப்ப என்ன செய்யணும்? ரெண்டு பக்கமும் வகுக்கணும். வகு. அப்புறம்?" என்று டீச்சர் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். எழுதியதெல்லாம் சரியாக இருக்கும். தொண்ணூற்றெட்டுக்குக் கீழே அவள் மதிப்பெண் வாங்கி நான் பார்த்ததில்லை.

டீச்சரின் கணவர் பேக்கரியில் அடுப்புக்காரர். விடியுமுன் போய் மதியம் திரும்புவார். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். சட்டையிலிருந்து ஈஸ்ட் வாசம் வரும். அவர் அதிகம் பேசிக் கேட்டதில்லை. ஒருமுறை கேட்டதற்கு, "எங்க வீட்டுல பேச்சுக்கு ஒரு ஆள் போதும்" என்றார்.

எட்டாம் வகுப்புக்குத் தகரக் கூரை. மழைக்காலம் எங்களுக்கு நான்கு மாதம். தகரத்தில் மழை விழுந்தால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல இருக்கும். மற்ற டீச்சர்கள் மழை வந்ததும் எழுத்து வேலை கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இவர் விடமாட்டார். மழை ஒரு மடங்கு ஏறினால் இவர் இரண்டு மடங்கு ஏறுவார். பத்து வருஷம் மழையோடு மல்லுக்கட்டினார். பதினோராம் வருஷம் மழை ஜெயித்துவிட்டது.

முதலில் கரகரப்புத்தான். வெந்நீர் குடித்தார், உப்புத்தண்ணீர் கொப்பளித்தார், தேன் நக்கினார். ஒரு காலையில் வருகை எடுத்துக்கொண்டிருந்தவர் பத்தாவது பெயரோடு நின்றுபோனார். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

பேச முடியாதவரைத் தனியாக அனுப்பக்கூடாது என்று டாக்டரிடம் நானும் போனேன். குரல் நாணில் இரண்டு முடிச்சு, அரிசி அளவுக்கு. டாக்டர் சின்னப் பெண், ஆனால் கறாரானவர். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, கிசுகிசுத்தால் தொண்டை இன்னும் கெடும், மீறினால் கத்தி வைக்க வேண்டிவரும், கத்தி வைத்தாலும் பழைய குரல் கிடைக்குமா என்று சொல்ல முடியாது என்றார். டீச்சர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: 'என் வேலையே பேசுறதுதான்.'

டாக்டர் அதைப் படித்துவிட்டு, "அப்ப ஆறு வாரத்துக்கு வேற மாதிரி வேலை பாருங்க" என்றார். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். அது அப்படியே நடக்கும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

லீவு போடலாம். ஆனால் டீச்சருடையது வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. ஆறு வாரம் போனால் வேறு ஒருவரைப் போட்டுவிடுவார்கள், வந்தவர் நிலைத்துவிடுவார். வேலை மட்டும் பிரச்சினை இல்லை. பதினோரு வருஷமாக எட்டாம் வகுப்பைத் தன் வகுப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர் அவர். எங்கள் தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை, பயந்த மனிதர். மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுவார். பேசாமலே பாடம் நடத்துகிறேன் என்று டீச்சர் எழுதிக் கொடுத்ததை இரண்டு தடவை படித்துவிட்டு, வகுப்பு நடக்கிற வரைக்கும் பார்ப்போம், புகார் வந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

அன்று மத்தியானம் டீச்சர் என் அறைக்கு வந்தார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்னச் சிலேட்டைத் தொங்கவிட்டிருந்தார். அதில் ஒரே வார்த்தை: 'சாவி.'

எந்தச் சாவி என்று எனக்குத் தெரியும். இரும்பு அலமாரியில் ஏழு டேப்லெட் இருந்தன. வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதிகாரிகள் வரும்போது சார்ஜ் போட்டு, துடைத்து, பிள்ளைகள் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்போம். அவர்கள் ஜீப் தெருமுனையைத் தாண்டுவதற்குள் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவேன். பூட்டியது நான்தான், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"உடைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றேன்.

அவர் சிலேட்டை அழித்துவிட்டு எழுதினார்: 'நான். எழுத்துல பதில் சொல்றேன்.'

முதல் வாரம் அந்த வகுப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாற்பத்திரண்டு பேர், ஆறு பேருக்கு ஒரு டேப்லெட். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பாட வீடியோவைப் பார்க்க வேண்டும், டீச்சர் மேஜையைத் தட்டினால் அடுத்த கணக்குக்குப் போக வேண்டும். ஏழு டேப்லெட்டும் ஏழு இடத்தில் நின்று ஏழு பேச்சுப் பேசின. புரிந்தவன் கொட்டாவி விட்டான், புரியாதவன் ஜன்னலைப் பார்த்தான். ஒரு கூட்டம் எங்கிருந்தோ பந்து விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டது. மூன்றாம் நாள் ஒரு டேப்லெட் கீழே விழுந்து மூலையில் கண்ணாடி விரிந்தது. டீச்சர் டஸ்டரால் மேஜையைத் தட்டிக்கொண்டே நின்றார். வேறு எதனால் சத்தம் போடுவார்? தலைமையாசிரியர் நடைபாதையில் நின்று கையைப் பிசைந்தார்.

வீட்டிலும் அதே கதைதான். சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பா அழுவது கேட்கும். டீச்சர் ஒவ்வொரு படியாக எழுதிக் காட்டுவார் போலிருக்கிறது. "எழுதாதம்மா, சொல்லு. நீ சொன்னாத்தான் எனக்கு வரும்" என்பாள். பாத்திரம் நகர்கிற சத்தத்தைத் தவிரப் பதில் இருக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் ராஜினாமாக் கடிதத்தை எழுதி, டைப் அடித்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார். திங்கட்கிழமை அடிக்கிறேன் என்று வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தெரு முழுக்க ஈரத்துணி காய்ந்தது. மதியம் டீச்சர் கையால் சைகை செய்து என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். அடுப்புக்காரர் கொண்டுவந்த ரொட்டி, பருப்பு, அவித்த முட்டை. பாப்பா மேஜையின் ஒரு பக்கம் நோட்டை விரித்துவைத்து அதன் மேல் கன்னத்தை வைத்திருந்தாள்.

அடுப்புக்காரர் கையைக் கழுவிக்கொண்டே அன்று கடையில் நடந்ததைச் சொன்னார். ஒரு அம்மா பிறந்த நாளுக்கு முப்பது சென்டிமீட்டர் வட்டக் கேக் கேட்டு வந்தாராம். அந்த அளவு தீர்ந்துவிட்டது. கல்லாவில் இருந்தவர், அதே விலைக்கு இருபது சென்டிமீட்டர் கேக் இரண்டு தருகிறேன் என்றிருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஏக சந்தோஷம், இரண்டு பெட்டியையும் அணைத்துக்கொண்டு போனாராம்.

"லாபம்தானே அவங்களுக்கு" என்றாள் பாப்பா, தலையைத் தூக்காமலே. "ரெண்டு இருபது நாப்பது. நாப்பது பெருசா, முப்பது பெருசா?"

அடுப்புக்காரர் ரொட்டியைப் பிய்த்தபடி, "நஷ்டம் பாப்பா" என்றார்.

"எப்படிப்பா?"

"எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியாது. பெரிய தகரத்துக்குத் தொள்ளாயிரம் கிராம் மாவு ஊத்துவேன். சின்னதுக்கு நானூறு. ரெண்டும் ஒரே உயரம்தான். ரெண்டு சின்னதுக்கும் சேத்து எண்ணூறு. நூறு கிராம் எங்க போச்சு?"

பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வட்டத்தின் பரப்பளவுக்குச் சூத்திரம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும், இரண்டு வருஷமாக அதைப் போட்டு மதிப்பெண் வாங்குகிறாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல் அம்மாவைப் பார்த்தாள்.

டீச்சர் வாய் திறந்துவிட்டார். நான் பார்த்தேன். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. உடனே தன் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மறு கை சிலேட்டை எடுத்தது, எழுதப் போனது, நின்றது. சிலேட்டைத் திருப்பிக் கவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு, அதன் மேல் தன் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

பாப்பா காத்திருந்தாள். ஒன்றும் வராது என்று தெரிந்ததும் பென்சிலை எடுத்தாள். நாங்கள் சாப்பிட்டு முடித்தோம். அடுப்புக்காரர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். டீச்சர் அசையவில்லை. பாப்பா வட்டம் போட்டாள், அடித்தாள், திரும்பப் போட்டாள், வட்டத்துக்குள் கட்டம் போட்டாள். அரைமணி நேரம் இருக்கும்.

"அம்மா" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "அகலம் மட்டும் கூடலைம்மா. நீளமும் சேந்து கூடுது. சின்னதுக்கு ஆரம் பத்து, பத்தைப் பத்தால பெருக்கினா நூறு. ரெண்டு கேக்குக்கு இருநூறு. பதினஞ்சைப் பதினஞ்சால பெருக்கினா இருநூத்தி இருபத்தஞ்சு. அதான் அப்பா மாவு. எட்டுக்கு ஒம்பது." அப்பாவை உலுக்கி எழுப்பி அவருக்கும் ஒருமுறை சொன்னாள். அவர் பாதித் தூக்கத்தில், "அதான் நான் சொன்னேனே" என்றார்.

டீச்சர் கண்ணில் தண்ணீர். துடைத்துக்கொண்டு சிலேட்டைத் திருப்பி எனக்கு மட்டும் எழுதிக் காட்டினார்: 'இத்தனை நாள் இவளுக்குக் கணக்குத் தெரியலை அக்கா. என் குரல்தான் தெரிஞ்சிருக்கு.' அழித்துவிட்டு இன்னொன்று எழுதினார்: 'அந்த லெட்டரை அடிக்க வேண்டாம்.'

திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் இப்படி எழுதியிருந்தது: 'இன்னும் ஐந்து வாரம் என்னால் பேச முடியாது. நீங்கள் எப்படிப் படிக்கப் போகிறீர்கள்? எழுதுங்கள்.' அதற்குக் கீழே சாக்பீஸ் பெட்டி.

அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்கு வக்கீல் என்று பட்டப்பெயர், எதற்கும் குறுக்குக் கேள்வி கேட்பாள். அவள்தான் முதலில் எழுந்தாள். தெரிந்த பாடத்தையே எதற்குத் திரும்பப் பார்க்க வேண்டும், அவரவருக்குத் தெரியாததைப் பார்த்தால் போதாதா என்று கேட்டாள். டீச்சர் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார். மத்தியானத்துக்குள் பலகை நிறைந்துவிட்டது. விதிகளை அவர்களே போட்டார்கள். புரிந்தவன் டேப்லெட்டைப் பிடிக்கக் கூடாது, புரியாதவன் கையில்தான் இருக்க வேண்டும். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் பின்னால் போகலாம், யாரும் சலித்துக்கொள்ளக் கூடாது. மூன்று பேரிடம் கேட்காமல் மிஸ்ஸிடம் போகக் கூடாது. விடையை மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது, எப்படி என்றுதான் சொல்ல வேண்டும். பந்து விளையாட்டை அழித்துவிட வேண்டும். இந்த விதியை எழுதியது அதைக் கண்டுபிடித்தவன்தான்.

சுவரில் மூன்று கயிறு கட்டினார்கள். ஒன்று 'தெரியாது', ஒன்று 'முட்டிக்கிட்டிருக்கேன்', ஒன்று 'சொல்லித்தருவேன்'. துணி மாட்டுகிற கிளிப்பில் ஒவ்வொருவர் பெயரும். காலையில் வந்ததும் அவரவர் பெயரை அவரவரே எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாள் வெட்கப்பட்டுக்கொண்டு நாற்பத்திரண்டு பேரும் மூன்றாவது கயிற்றில் தொங்கினார்கள். டீச்சர் வரிசையாக ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று சிலேட்டை நீட்டினார்: 'எப்படித் தெரியும்?' சாயங்காலத்துக்குள் முப்பது பேர் முதல் கயிற்றுக்கு இறங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் பொய்யாக மாட்டவில்லை.

அந்தச் சிலேட்டில் அந்த ஐந்து வாரமும் பெரும்பாலும் அந்த இரண்டு வார்த்தைதான் இருந்தது.

கேக் கணக்கை அவர் பலகையில் எழுதிப்போட்ட அன்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அட்டையை வட்டமாக வெட்டினார்கள், கட்டம் போட்டு எண்ணினார்கள். ஒரு கூட்டம் இரண்டு சின்ன வட்டத்தையும் துண்டு துண்டாக வெட்டிப் பெரிய வட்டத்தின் மேல் ஒட்டி, மீதி தெரிந்த இடத்தை டேப்லெட்டில் போட்டோ எடுத்து எல்லாருக்கும் காட்டியது. சண்டை மூன்று நாள் நடந்தது. டீச்சர் விடையைச் சொல்லவே இல்லை. சொல்லவும் முடியாது என்பது வேறு விஷயம்.

பஞ்சு என்று ஒரு பெண் இருந்தாள். குரல் பஞ்சு மாதிரி, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. வருகை எடுக்கும்போது அவள் 'உள்ளேன்' சொல்வதை யாரும் கேட்டதில்லை, உதட்டைப் பார்த்துத்தான் குறித்துக்கொள்வோம். அவள் ஒரு நாள் மத்தியானம் டேப்லெட்டோடு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். என் அறைக்குப் பின்பக்கம் அது. வட்டக் கணக்கைத் தானே சொல்லி ரெக்கார்டு செய்கிறாள், போட்டுக் கேட்கிறாள், அழிக்கிறாள், திரும்பச் சொல்கிறாள். பதினோரு தடவை நான் எண்ணினேன். எதற்கு இத்தனை தடவை அழிக்கிறாய் என்று கேட்டேன்.

"நான் சொல்றது எனக்கே புரியலைக்கா. எனக்குப் புரியற வரைக்கும் சொல்லிப் பாக்கறேன்" என்றாள்.

பன்னிரண்டாவதை அவள் அழிக்கவில்லை. மறுநாளிலிருந்து வகுப்பில் மற்ற வீடியோவையெல்லாம் விட்டுவிட்டுப் பஞ்சு சொன்னதைத்தான் போட்டுக் கேட்டார்கள். அவர்கள் பேசுகிற மாதிரியே சொல்லியிருந்தாள். எங்கே தடுமாறுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, தானும் அங்கேதானே தடுமாறினாள். அந்த வாரம் அவள் பெயர் மூன்றாவது கயிற்றுக்குப் போயிற்று. அவள் மாட்டவில்லை, அவள் கூட்டம் மாட்டியது.

நான்காவது வாரம் புகார் வந்தது. பதினான்கு கையெழுத்து. கொண்டுவந்தவர் தெருமுனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் பட்டறைக்காரர், பஞ்சுவின் அப்பா. விரல் இடுக்கிலெல்லாம் இரும்புத்தூள் மின்னும். என் மேஜைக்கு எதிரே உட்காராமல் நின்றபடியே பேசினார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது டீச்சர் சொல்லிக்கொடுக்கத்தான், படம் பார்க்கவா என்றார். டீச்சர் வாயே திறப்பதில்லையாம், பிள்ளைகள் பாட்டுக்கு ஏதோ செய்கிறார்களாம். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அதற்கு அவர் பரிதாபப்பட்டார், ஆனால் காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் எட்டாவதுல கணக்குல பெயிலாகித்தான் பட்டறைக்கு வந்தேன்" என்றார். "அன்னைக்கு என்னை உக்கார வச்சுச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல. என் பொண்ணு ஏற்கனவே வாய் இல்லாத பூச்சி. அதுக்கும் ஆள் இல்லாமப் போயிடக் கூடாது."

காகிதத்தை வாங்கி மேலே அனுப்பினோம். தலைமையாசிரியர் அன்று டீ குடிக்கவில்லை. டீச்சர் புகாரின் நகலைப் படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். சாயங்காலம் அவர் வீட்டில் அடுப்புக்காரர் என்னிடம், "வேலை போனாலும் போகட்டும், இவ இப்பச் செய்யறதை விடக்கூடாது" என்றார். அவர் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியதே பெரிது.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை புகாரை விசாரிக்கக் கல்வி அதிகாரி வருவதாகத் தகவல். டாக்டர் புதன்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார், நல்லதாயிற்று என்று டீச்சர் கணவரோடு மருத்துவமனைக்குப் போனார். பத்து மணிக்குத் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. ஒன்பதே முக்காலுக்கு ஜீப் வந்து நின்றது. அதிகாரி ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். புகார் கொடுத்தவர் என்று பட்டறைக்காரருக்கும் வழியிலேயே சொல்லி வரச்செய்திருந்தார்.

தலைமையாசிரியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, முதலில் அலுவலகத்தைப் பாருங்கள், நூலகத்தைப் பாருங்கள் என்று சுற்றிச்சுற்றி நடத்தினார். எத்தனை நேரம் சுற்ற முடியும்? எங்கள் நூலகம் நாலே அலமாரி. கடைசியில் நால்வரும் எட்டாம் வகுப்பு வாசலில் போய் நின்றோம். வகுப்புக்குள் டீச்சர் இல்லை, அவருக்குப் பதிலாக யாரையும் அனுப்பவும் இல்லை. உள்ளே என்ன ரகளையோ என்று பயந்தேன்.

ரகளை இல்லை. சத்தம் இருந்தது, வேலை நடக்கிற இடத்துச் சத்தம். பெயர்கள் கயிறுகளில் மாட்டியாகிவிட்டன. ஏழு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கூட்டத்தில் டேப்லெட் ஓடியது, ஒரு கூட்டத்தில் கவிழ்த்துவைத்திருந்தது. இரண்டு பேர் பலகையில் ஏதோ போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வந்து நின்றதை ஒரு நிமிஷம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு எல்லாரும் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"டீச்சர் எங்க?" என்றார் அதிகாரி.

வக்கீல் எழுந்தாள். மிஸ் டாக்டரிடம் போயிருக்கிறார், வந்துவிடுவார், இன்று உருளையின் கொள்ளளவு, பாதிப் பேர் வட்டத்தை முடித்துவிட்டார்கள், மீதிப் பேர் முடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னாள். யார் ஆரம்பிக்கச் சொன்னார்கள் என்று அவர் கேட்டதற்கு அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "மணி அடிச்சுதே சார்" என்றாள்.

அதிகாரி பலகையின் ஓரத்தில் இருந்த கேக் கணக்கைப் படித்தார். சிரித்துக்கொண்டே, "இதென்ன கேள்வி, ரெண்டு கேக்குதான் அதிகம்" என்றார்.

முன் வரிசையிலிருந்த ஒருத்தி, மரியாதையாக எழுந்து நின்றுதான் கேட்டாள்: "எப்படித் தெரியும் சார்?"

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி வாயைத் திறந்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி யோசித்தார். நல்ல மனிதர், கோபப்படவில்லை. "ஏன், இல்லையா?" என்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விடை சொல்லக்கூடாது என்பது அவர்கள் விதி. ஒருத்தி டேப்லெட்டைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, இதைக் கேட்டுப் பாருங்கள், புரியாவிட்டால் பின்னால் போய்க் கேட்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம் என்றாள்.

அவர் பென்ச் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். டேப்லெட்டிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "முதல்ல நானும் நாப்பதுன்னுதான் நெனச்சேன். அது தப்பு இல்ல, ஆனா அது கயிறோட கணக்கு. கேக்கு கயிறு இல்ல..." என்று நிதானமாக, ஒரு இடத்தில்கூடத் தயங்காமல் போயிற்று.

என் பக்கத்தில் நின்ற பட்டறைக்காரர் ஒரு அடி முன்னால் வைத்தார். "சார்" என்றார். "சார், அது என் பொண்ணு."

மூன்றாவது பென்சில் பஞ்சு தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டாள். அதிகாரி ஒரு தடவை பின்னால் போய்த் திரும்பக் கேட்டார். கேட்டு முடித்து, கையிலிருந்த காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆமாம்" என்றார், அவளைப் பார்த்து.

வெளியே வந்ததும் அதிகாரி தலைமையாசிரியரிடம் ஒரு சிக்கலைச் சொன்னார். டீச்சர் இல்லாமலே வகுப்பு நடக்கிறது என்று தான் எழுதினால், அப்புறம் டீச்சர் எதற்கு என்று மேலே கேட்பார்களே என்றார். பதில் சொன்னவர் பட்டறைக்காரர்.

"சார், என் பட்டறையில ஆறு பேர். நான் ஒரு நாள் வரலைன்னா மிஷின் நின்னுடுச்சுன்னு வைங்க, நான் ஒழுங்காச் சொல்லிக் கொடுக்கலைன்னு அர்த்தம். இங்க ஓடுது. ஆள் இல்லாமலே ஓடுதுன்னா, ஆள் எவ்வளவு வேலை செஞ்சிருக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பி, அந்தக் காகிதத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று கேட்டார். அது அதிகாரி கையிலேயே இருந்தது. அவர் கொடுத்துவிட்டார்.

பத்தரை மணிக்கு டீச்சர் ஓட்டமும் நடையுமாக வாசலுக்குள் வந்தார், பின்னால் அடுப்புக்காரர் குடையோடு. ஜீப் போய்விட்டிருந்தது. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிச்சு கரைந்துகொண்டிருக்கிறது, கத்தி வேண்டாம், திங்கட்கிழமையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்று டாக்டர் சொன்னதாக அடுப்புக்காரர் சொன்னார். இரண்டு வாரத்தில் வேலைப் புதுப்பிப்பு ஆணை என் மேஜைக்கு வந்தது. அந்த உறையைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த வயதில் நடைபாதையில் ஓடினேன்.

பாப்பாவும் பரீட்சை எழுதினாள். மதிப்பெண் தொண்ணூற்றொன்றுதான். பழைய நாளாக இருந்தால் வீடு இழவு வீடாகியிருக்கும். கடைசிக் கணக்கு யாரும் எதிர்பார்க்காத கணக்காம், முக்கால்வாசி அவளாகவே போட்டுவிட்டு நேரம் போதாமல் விட்டிருக்கிறாள். அந்த முக்கால்வாசியை அவள் தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது டீச்சர் பேச ஆரம்பித்த அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி. காலையில் அவர் நல்ல புடவை கட்டியிருந்தார். குரல் வந்திருந்தது, மெலிந்து, ஓரம் கிழிந்த மாதிரி, ஆனாலும் குரல். "போயிட்டு வரேன் அக்கா" என்று என்னிடம்தான் முதலில் சொன்னார். என் அறை வாசலைத் தாண்டி வகுப்புக்குள் போனார். பிள்ளைகள் கை தட்டுவார்கள், ஆர்ப்பாட்டம் செய்வார்கள் என்று நான் ஜன்னலருகே நின்றேன். அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் அவர் திரும்பி என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பதறிவிட்டேன். மறுபடி தொண்டை பிடித்துக்கொண்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அவர் வாய் திறந்து "பசங்களா" என்றதும், பஞ்சுதான் கையைத் தூக்கினாளாம். எழுந்திருக்கவும் இல்லையாம். "மிஸ், உங்க குரல் நல்லாயிருக்கு மிஸ். ஆனா ஒரு அஞ்சு நிமிஷம் ஒண்ணும் சொல்லிடாதீங்க, எங்களுக்கு வரப்போகுது" என்று, கடைசி பென்ச் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாளாம். சொல்லிவிட்டு மறுபடி காகிதத்தில் குனிந்துவிட்டாளாம். தான் அங்கே நின்றால் வாய் சும்மா இருக்காது என்று டீச்சர் தானாகவே வெளியே வந்துவிட்டார்.

அப்போதுதான் தலைமையாசிரியர் அந்தப் பக்கமாக வந்தார். வகுப்பு நேரத்தில் டீச்சர் என் அறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முகம் வெளுத்துவிட்டது.

"என்ன டீச்சர், வகுப்பு இல்லையா?"

டீச்சர் எழுந்து நின்றார். பதினோரு வருஷத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"இருக்கு சார்" என்றார். "நடந்துக்கிட்டிருக்கு."